வண்டிக்கு அடியில்

ஜூலை 3, புதன்

உரக்கடையில் பொங்கலுக்குக் கொடுத்த டைரி ஆறு மாதமாக அரிசி டப்பா மேல் கிடந்தது. வேலைக்கு வரும் பெண்களின் பேரை எழுதிவைக்க இன்று எடுத்தேன். பன்னிரண்டு பேர். அழகம்மாள் மதினி முதல் பேர், அவள்தான் மூத்தவள். பேர்கள் அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டன. மீதித் தாள் வெள்ளையாக வீணாவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது, அதனால் எழுதுகிறேன்.

மலைக்கு மேலே, கேரளா பக்கம், ஏலத்தோட்டத்தில் காய் எடுக்க வருடா வருடம் ஆள் கூட்டிப் போவது என் வேலை. காலையில் போடியில் ஜீப் ஏறினால் போடிமெட்டு தாண்டித் தோட்டம், சாயங்காலம் அதே ஜீப்பில் வீடு. மூன்று வருடமாக வாடகைக்கு வந்த ஜீப்காரன் வண்டியை விற்றுவிட்டுத் திருப்பூர் போய்விட்டான். போகிறவன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். இன்றைக்குத் தோட்டத்து சூப்பர்வைசர் போன் செய்தார்.

"ஆகஸ்ட் ஒண்ணாந்தேதி ஆளு இறங்கணும் சுருளியம்மா. வண்டி இல்லேன்னா இப்பவே சொல்லிருங்க. தேவாரம் ஊரு ஆளுக கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"வண்டி இருக்கு" என்றேன். எங்கே இருக்கிறது? இனிமேல்தான் வாங்க வேண்டும். பழைய ஜீப் ஒன்று வாங்கி நானே ஓட்டுவதாக முடிவு. பன்னிரண்டு வீட்டு அடுப்பு இதில் இருக்கிறது, என்னுடையதைச் சேர்த்தால் பதின்மூன்று.

ஜூலை 4, வியாழன்

சாகுல் அண்ணன் பட்டறைக்குப் போனேன். என் வீட்டுக்காரர் பவுன்ராஜ் ஜீப் ஓட்டிய இருபது வருடமும் சாகுல் அண்ணன் கைதான் அந்த வண்டியைத் தொட்டது. வீட்டுக்காரர் நெஞ்சுவலியில் போய் மூன்று வருடமாகிறது. காரியம் முடிந்த கையோடு வண்டியை விற்றுவிட்டேன். ஓட்ட ஆளில்லாமல் வாசலில் நிற்பதைப் பார்க்க முடியவில்லை.

"பழைய வண்டி வாங்குறது லேசுப்பட்ட காரியமில்ல தங்கச்சி" என்று ஆரம்பித்தார் அண்ணன். "வரோம்னு முன்னாடியே சொல்லாத. சொன்னா காலையிலயே ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வச்சிருவான். குளுந்த வண்டிதான் உண்மையச் சொல்லும். பானட்டத் தொட்டுப் பாரு. சுட்டுச்சுன்னா அவன் எதையோ மறைக்கிறான்."

இன்னும் நிறையச் சொன்னார். ஆர்சி புத்தகத்து நம்பரும் சேஸிஸில் வெட்டியிருக்கிற நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும். ஹெட்லைட் கண்ணாடிக்குள் மண் கோடு இருந்தால் வெள்ளத்தில் முங்கிய வண்டி. ஸ்பிரிங் பட்டையை எண்ண வேண்டும், ரெண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை. புதுசாக ஒரு பட்டை செருகியிருந்தால் ஆளை அடைத்து ஓட்டிய வண்டி. வெளியே பெயின்ட் எப்படியும் இருக்கலாம், ஆனால் அடியில் மட்டும் புதுப் பெயின்ட் இருந்தால் அந்த இடத்தை விட்டு ஓடிவிட வேண்டும்.

அழகம்மாள் மதினி தெருக்குழாயில் பிடித்துக்கொண்டாள். "எது வாங்குனாலும் ஆடிக்கு முந்தி வாங்கிரு. ஆடியில வண்டி வாங்கி எந்த நாயாவது உருப்பட்டுச்சா?" ஆடி பிறக்கப் பதின்மூன்று நாள்தான் இருக்கிறது.

ஜூலை 6, சனி

சில்லமரத்துப்பட்டியில் ஒரு வண்டி. பளபளவென்று கல்யாண வீட்டுக் கார் மாதிரி நின்றது. பானட் மேல் கை வைத்தேன், தோசைக்கல் கெட்டது. "இப்பத்தான் கடைக்குப் போயிட்டு வந்தேன்க்கா" என்றான் விற்கிறவன். ஹெட்லைட்டுக்குள் விரல் தடிமனுக்கு மண் கோடு. "கடை ஆத்துக்குள்ளயா இருக்கு?" என்று கேட்டேன். சாகுல் அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

வந்து உளுந்து ஊறப்போட்டேன். கோழி ரெண்டு முட்டை.

ஜூலை 7, ஞாயிறு

கௌசல்யா போன். "அம்மா, ஒனக்கு எதுக்கு இந்த வயசுல ஜீப்பு?" என்கிறாள். எனக்கு நாற்பத்தொன்பது. பெற்றவளை இப்படிக் கிழவியாக்க மகளால்தான் முடியும்.

ஜூலை 9, செவ்வாய்

ராசிங்காபுரத்தில் ஒரு வாத்தியார் வீட்டு ஜீப். சாணி நிறம். தோட்டத்துக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடிய வண்டி. சாகுல் அண்ணன் சாக்கை விரித்து அடியில் படுத்தார், கால் மட்டும் வெளியே தெரிந்தது, வெகுநேரம் கழித்து முகமெல்லாம் மண்ணோடு வந்தார். குளிர்ந்த எஞ்சின் ஒரே அடியில் பிடித்தது. கறுப்புப் புகை இல்லை, நீலப் புகை இல்லை. ஃபோர் வீல் போட்டு ஓடைக்குள் இறக்கி ஏற்றினார், முனகாமல் ஏறியது.

"தங்கம் தங்கச்சி. கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்."

எனக்குப் பிடிக்கவில்லை. ஹாரன் ஆட்டுக்குட்டி கத்துகிற மாதிரி இருக்கிறது. சீட் உயரம் சரியில்லை. நிறம் கேட்கவே வேண்டாம்.

அண்ணன் என்னையே பார்த்தார். "நீ வண்டி பாக்க வந்தியா, மாப்பிள்ள பாக்க வந்தியா?"

ஜூலை 10, புதன்

எங்கள் வண்டி வெள்ளை. பின்னால் தார்ப்பாய். மழைக்காலத்தில் அந்தத் தார்ப்பாய்க்கு ஒரு வாசம் உண்டு, ஈரமும் டீசலும் ஏலக்காயும் கலந்து. இப்போது எந்தக் கடையில் ஏலக்காய் டப்பாவைத் திறந்தாலும் எனக்கு அந்த வண்டிதான் வருகிறது.

கல்யாணமான இரண்டாம் வருடம், கண்மாய் வறண்டு கிடந்தபோது எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். "கிளட்ச மெதுவா விடு, அதுக்கும் உசுரு இருக்கு" என்பார். நான் மெதுவாக விட்டால், "விடியிறதுக்குள்ள விட்டுருவியா?" என்பார். வெடிப்பு விட்ட தரையில் வட்டம் வட்டமாகச் சுற்றினோம். ஆடு மேய்க்கிறவர்கள் எல்லாம் கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமையில் என்னை முன் சீட்டில் வைத்துப் போடிமெட்டு வரை கூட்டிப் போவார். மேலே பனிக்குள் நின்று டீ குடித்துவிட்டு இறங்குவோம், வேறொன்றும் கிடையாது. அந்த ஒன்றுமில்லாததற்கு இப்போது மனசு அடித்துக்கொள்கிறது.

கடைசி இரண்டு வருடம் அதுவும் நின்றுபோனது. ஏறப் போனால், "பஸ்ஸுல வா" என்பார். நான் தோட்டத்துக்கே கூட பஸ்ஸில்தான் போனேன், ஆள்கள் எல்லாம் ஜீப்பில் போக, கூட்டிப் போகிற கங்காணி நான் பஸ்ஸில். கேட்டால் எரிந்து விழுவார். முன் சீட்டில் வேறு யாரோ உட்காருகிறாள் என்று தெருவில் பேச்சு வந்தது. நான் நம்பவில்லை. ஒரு நாள் முந்தல் பஸ் ஸ்டாப்பில் மறைந்து நின்று பார்த்தேன், அவ்வளவுதான். முன் சீட்டில் மூன்று கிழவிகள் இருந்தார்கள்.

இதை எதற்கு எழுதினேனோ. ரேஷனில் பருப்பு வந்திருக்கிறதாம், நாளைக்குப் போக வேண்டும்.

ஜூலை 12, வெள்ளி

எங்கள் பழைய வண்டி விலைக்கு இருக்கிறது. நான் தேடவில்லை. கோம்பையில் அதை வாங்கிய குபேந்திரனுக்குச் சும்மா போன் போட்டு நலம் விசாரித்தேன், அவராகச் சொன்னார். அவருடைய மலைக்காட்டுக்கு இப்போது ரோடு வந்துவிட்டது, டெம்போ வாங்கப் போகிறாராம்.

எனக்கு நல்ல வண்டி வேண்டும், அவ்வளவுதான். அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்குப் பச்சைச் சேலையை இஸ்திரிக்குக் கொடுத்தேன்.

ஜூலை 13, சனி

சாகுல் அண்ணன் வர முடியாது என்கிறார். காய்ச்சலாம். சாயங்காலம் பட்டறை வழியாகப் போனேன், லாரி டயரைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"வாத்தியார் வண்டியவே முடிச்சிரு தங்கச்சி. பழசு எதுக்கு?"

"பாக்குறது எல்லாமே பழசுதானண்ணே."

"நீங்க வரலேன்னா நானே போறேன்" என்றதும்தான் தலையை ஆட்டினார்.

ஜூலை 14, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

வண்டி குபேந்திரன் வீட்டு வேப்பமரத்தடியில் நின்றது. வெள்ளை மங்கி, பின்கதவு நசுங்கியிருந்தது. பானட்டைத் தொட்டேன். குளிர்ந்திருந்தது. குபேந்திரன் நாணயமான ஆள். சாவியைக் கொடுத்து, "ஓங்க வண்டிதானக்கா, எடுங்க" என்றார்.

ஒரே அடியில் பிடித்தது. கோம்பைத் தெருவைத் தாண்டி மலையடிவாரம் வரை ஓட்டினேன். கிளட்ச் அதே இடத்தில் ஏறியது, இரண்டாவது கியர் போடும்போது அதே முரண்டு. அழுதேன். எழுதினால் என்ன, அழுதேன்தான். வாங்கிவிடுவது என்று திரும்பும்போதே முடிவாகிவிட்டது. ஆடிக்கு இன்னும் மூன்று நாள், நாளைக்கே ஆர்சி மாற்றிவிடலாம்.

திரும்பி வந்து, "அடியில பாருங்கண்ணே" என்றேன்.

"என்னத்தப் பாக்க? எனக்குத் தெரியாத வண்டியா?"

"மூணு வருசம் காட்டுல ஓடியிருக்கு."

"முதுகு புடிச்சிருக்கு தங்கச்சி. குனிய முடியல."

நேற்று லாரி டயர் தூக்கிய முதுகு. பார்த்த வண்டிக்கெல்லாம் சாக்கு விரித்து அடியில் படுத்த மனிதர், இந்த வண்டியைச் சுற்றிக்கூட வரவில்லை, மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு ஏதோ உறைத்தது. சாக்கைப் பிடுங்கி நானே விரித்தேன். பச்சைச் சேலையைச் செருகிக்கொண்டு உள்ளே போனேன்.

அடி முழுக்கப் பழைய சேறு, இறுகிப்போய் ஓடு ஓடாக இருந்தது. பின் சக்கரத்துக்கு மேலே, ஸ்பிரிங் மாட்டும் இடத்தில் மட்டும், ஒரு முழத்துக்குக் கறுப்புத் தார் பூசியிருந்தது. சாவியால் சுரண்டினேன். தாருக்கு அடியில் ஒரு இரும்புத் தகடு, நாலு பக்கமும் வெல்டிங். தகட்டின் ஓரத்தில் விரிசல் எட்டிப் பார்த்தது. சேஸிஸ்தான் வண்டியின் முதுகெலும்பு. அது உடைந்து, ஒட்டுப் போட்டு, மூடி வைத்திருக்கிறது.

வெளியே வந்ததும் குபேந்திரன் மேல்தான் பாய்ந்தேன். அவர் பாவம், "சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா" என்று நின்றார்.

"அவரு இல்ல" என்றார் சாகுல் அண்ணன். "நான் வச்ச ஒட்டு."

கேட்டேன். சொன்னார். பவுன்ராஜ் சாவதற்கு இரண்டு வருடம் முன்னால், மழையில் பதினெட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது ஒரு வளைவில் பின் சக்கரம் பாறையில் ஏறி விழுந்திருக்கிறது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, சேஸிஸ் மட்டும் விரிசல் விட்டுவிட்டது. மாற்றினால் ஒரு மாதம் வண்டி நிற்கும், அதுவும் காய் எடுக்கிற நேரம்.

"இந்த சீசன் மட்டும் தாங்குற மாதிரி ஒட்டிக் குடு சாகுலுன்னான். அடுத்த சீசனும் அதையே சொன்னான். ஒன் வீட்டுக்காரிய ஏத்துவியாடான்னு கேட்டேன். அவள ஏத்த மாட்டேன்னான். அதோட நான் வாயத் தொறக்கல."

ஜூலை 15, திங்கள்

சமைக்கவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

இரண்டு வருடம் அந்த ஆளை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். பஸ்ஸில் நின்றுகொண்டே போவேன், முன்னால் ஜீப் போகும், தார்ப்பாய்க்குள்ளிருந்து ஆள்கள் கையாட்டுவார்கள், நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். என்னைக் காப்பாற்றத்தான் இறக்கிவிட்டிருக்கிறார். இது தெரிந்த உடனே அவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல இருந்தது. அழுதும் ஆயிற்று.

இன்று காலையில் முதல் பக்கத்தைத் திருப்பினேன். பன்னிரண்டு பேர். அதில் ஒன்பது பேர் அந்த இரண்டு வருடமும் அந்த ஜீப்பில் போனவர்கள். அழகம்மாள் மதினி ஒரு நாள் தவறாமல் போனாள். என் உசுரு உடைந்துவிடும் என்று பயந்தவருக்கு அவர்கள் உசுரு என்ன தகரமா? எனக்குக் கிடைத்த அன்பு இவர்கள் தலையில் ஓடியிருக்கிறது. அவர் இருந்தால் சட்டையைப் பிடித்துக் கேட்பேன். இல்லாத மனிதரிடம் எப்படிச் சண்டை போடுவது?

சாகுல் அண்ணன் மூன்று தடவை போன் செய்தார். எடுக்கவில்லை.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்துவிட்டது. அன்றைக்குக் குபேந்திரன் மேல் பாய்ந்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் வந்ததால், பஸ் ஏறிக் கோம்பைக்குப் போனேன். நல்ல வண்டி என்று நம்பி உங்களுக்கு விற்றேன், என் வீட்டுக்காரர் மறைத்தது எனக்குத் தெரியாது, தெரிந்த பிறகு வேறு யாருக்கும் நீங்கள் விற்றுவிடக் கூடாது என்றேன். குபேந்திரன் வீட்டுக்குள்ளே திரும்பிப் பார்த்தார்.

"எம் பொண்டாட்டி புள்ளைகள வச்சுல்ல ஓட்டிக்கிருந்தேன்" என்றார்.

தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். பிறகு அவரே, "உடைச்சுப் போட்டுர்றேன்க்கா. நீங்க வந்து சொன்னீகளே, அதுவே போதும்" என்றார். அவர் மனைவி மோர் கொடுத்தாள். குடிக்காமல் திண்ணையில் வைத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 21, ஞாயிறு

சாகுல் அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றார். "எத்தன தடவ இங்க காப்பி குடிச்சிருப்பீக, ஒரு தடவ சொல்லணும்னு தோணலயா?" என்று கேட்டேன். "தோணாத நாளே இல்ல. செத்தவன விட்டுக்குடுக்க முடியல" என்றார். உள்ளே கூப்பிடவில்லை. ஆனால் வாத்தியார் வண்டியை மறுபடி பார்க்க வரச் சொன்னேன். இந்த ஊரில் வேறு யாருக்கு வண்டி தெரியும்?

ஜூலை 23, செவ்வாய்

ஆடியிலேயே வண்டி வாங்கிவிட்டேன். சாகுல் அண்ணனோடு நானும் அடியில் படுத்தேன். அவர் டார்ச் அடித்து ஒவ்வொரு சாணாகக் காட்டினார், நான் ஒவ்வொரு சாணையும் கையால் தடவிப் பார்த்தேன். வாத்தியார் மனைவிக்கு ஒரே ஆச்சரியம், பொம்பளை வண்டிக்கு அடியில் படுப்பதைப் பார்த்ததே இல்லையாம். "நானும் இப்பத்தான் படுக்கிறேன்" என்றேன்.

நிறம் சாணிதான். பழகிவிடும்.

ஜூலை 28, ஞாயிறு

பன்னிரண்டு பேரையும் வீட்டுக்கு வரச் சொன்னேன். சுண்டல் அவித்திருந்தேன், யாரும் தொடுவதற்கு முன் சொல்லிவிட்டேன். ஒட்டு, விரிசல், பஸ், எல்லாம். வசை வாங்கத் தயாராக நின்றேன்.

அழகம்மாள் மதினிதான் சுண்டலை ஒரு கை அள்ளிக்கொண்டு சொன்னாள்.

"எங்களுக்குத் தெரியும் சுருளி."

நான் அவள் எதிரில் உட்கார்ந்துவிட்டேன்.

"அது ஒவ்வொரு வளைவுலயும் கிறீச்சு கிறீச்சுன்னு எங்க குண்டிக்கு அடியிலதான் கத்துச்சு. நாங்க கேக்காம இருப்பமா? ஓம் புருசன் மறைக்கல. ஒட்டுப் போட்டிருக்கு மதினி, பயமா இருந்தா ஏறாதீகன்னான். ஏறாம எங்க போக? பஸ்ஸு தோட்டத்துக்குள்ள வருமா? நீ மெயின் ரோட்டுல இறங்கி அரை மணி நேரம் நடந்து வந்த, ஒன்னய சூப்பர்வைசரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. நாங்க அப்பிடி வந்தா அரை நாள் கூலி போயிரும்."

"எங்கிட்ட ஒருத்தியாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா வண்டிய நிறுத்திருவ" என்றாள்.

மற்றவர்களும் சுண்டல் எடுக்க ஆரம்பித்தார்கள்.

ஆகஸ்ட் 1, வியாழன்

வெளுக்கும் நேரம், தேரடி முக்கில் வண்டியை நிறுத்தினேன். பன்னிரண்டு பேரும் தூக்குவாளியோடு வந்துவிட்டார்கள். ஏறப் போனவர்களைத் தடுத்தேன். "யாரும் ஏறக் கூடாது. அடியில போயிப் பாத்துட்டு ஏறுங்க."

"ஏத்தா, ஒனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா? எங்களுக்கு என்னத்தத் தெரியும்?"

"தெரிஞ்சுக்கங்க."

மதினிதான் முதலில் சேலையை வரிந்துகொண்டு போனாள். இது சேஸிஸ், இதில் எங்காவது ஒட்டு இருக்கிறதா பார், இது பட்டை, எண்ணு என்று நான் பக்கத்தில் குனிந்து சொன்னேன். உள்ளிருந்தே சத்தமாக எண்ணினாள். அந்தப் பக்கமும் எண்ணிவிட்டு, "சரியாத்தான் இருக்கு, நாத்தமும் சரியாத்தான் இருக்கு" என்று வெளியே வந்தாள். பிறகு ஒவ்வொருத்தியாகப் போனார்கள். டீக்கடைக்காரர் கடையை விட்டு இறங்கி வந்து பார்த்தார். அரை மணி நேரம் தாமதம். சூப்பர்வைசர் என்ன சொல்வாரோ சொல்லட்டும் என்று கிளம்பினோம்.

முந்தல் தாண்டி மலை ஏறுகிற இடத்தில் இரண்டு பெண்கள் கை காட்டினார்கள். தூக்குவாளி, தலையில் துண்டு. அவர்கள் ஏறும் ஜீப் வரவில்லையாம். எங்கள் தோட்டத்துக்கு அடுத்த தோட்டம். வண்டியை நிறுத்தினேன்.

"ஏத்திக்க சுருளி, நெருக்கி உக்காந்துக்கிறோம்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். மதினி குரல்தான்.

வண்டியில் பதின்மூன்று பேர். அதுவே அதிகம் என்று சாகுல் அண்ணன் சொல்லியிருந்தார். பதின்மூன்றுக்கு மேல் ஒரு ஆள் கூட இல்லை என்று நானும் சொல்லியிருந்தேன். அந்த இரண்டு பெண்களின் முகத்தைப் பார்த்தேன். நான் போய்விட்டால் அவர்களுக்கு இன்றைக்கு வேலை இல்லை. இருபது வருடமும் இதே இடத்தில் என் வீட்டுக்காரர் எதற்காக பிரேக்கை மிதித்தார் என்பதை நான் அந்த சீட்டில் உட்கார்ந்துதான் புரிந்துகொண்டேன்.

"இடமில்லத்தா. நாளைக்கு வேற வண்டிக்குச் சொல்லி விடுறேன்."

மூத்தவள் என் முகத்தை அடையாளம் கண்டுகொண்டாள். "நீங்க பவுன்ராஜண்ணன் வீட்டுக்காரம்மாதான? அண்ணன் இருந்தா ஏத்தியிருப்பாருக்கா."

"ஆமா," என்றேன், "ஏத்தியிருப்பாரு."

முதல் கியரைப் போட்டேன். வண்டி மெதுவாக மலை ஏறியது.